அது புதர் இல்லீங்க, களாச்செடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் எங்க ஏரியா காப்புக்காட்டுல 'புதர்களை அகற்றி' மரக்கன்னு நட்டாங்கன்னு போட்டோவோட செய்தி போட்டிருந்தீங்க. மறுநாள் வாக்கிங் போனப்ப ஓரமா குவிச்சிருந்ததை கிளறிப் பார்த்தேன், பாதி உன்னிச்செடி, அது வெளிநாட்டுல இருந்து வந்து பரவுற களை, போனா நல்லதுதான், ஆனா மீதி பூராவும் நம்ம மண்ணுலயே இயற்கையா வளர்ற களா, கொஞ்சி, காரை. களாவுல பிஞ்சுகூட அப்படியே இருந்துச்சு, கிளையை ஒடிச்ச இடத்துல பால் வடிஞ்சு காஞ்சு போயிருந்துச்சு.

சென்னை பக்கத்து காடுன்னா இந்த மாதிரி குட்டைச் செடிங்கதான் சார், கிண்டி நேஷனல் பார்க்லயும் இதே செடிங்கதான். நம்ம ஆளுங்களுக்கு காடுன்னா உசரமா மரம் இருக்கணும், இல்லேன்னா அது குப்பை. களா பூவை கிட்டப் போய் மோந்து பார்த்திருக்கீங்களா, மல்லி மாதிரியே வாசனை, வெள்ளையா அஞ்சு இதழ், அடியில ஒல்லியா குழாய், நீளமா உறிஞ்சுகுழல் இருக்குற பூச்சிக்குத்தான் அந்தத் தேன் எட்டும். பழம் கறுத்ததும் கொண்டைக்குருவி தின்னுட்டு கொட்டையை வேற எங்கயோ எச்சத்தோட போட்டுடும், நாத்து நடுறது அதுதான், சம்பளம் கிடையாது. கொஞ்சி இலையிலயும் கறிவேப்பிலை அழகி பட்டாம்பூச்சி முட்டை வைக்குது, புழு சின்னதா இருக்கறப்ப அசல் காக்கா எச்சம் மாதிரியே இருக்கும்.

இன்னொன்னு, ஆடும் மானும் வாய் வைக்கிற இடத்துல மரக்கன்னு பிழைக்கிறதே களாமுள்ளுக்கு நடுவுலதான், வேப்பங்கன்னு அதுக்குள்ள பத்திரமா வளர்ந்து மேல எட்டிப் பார்க்கும். அந்த முள்ளை வெட்டிட்டு, கன்னுக்கு கம்பி வேலி போட காசு வசூல் பண்றாங்க!

எல்லா இடமும் புதரா இருக்கணும்னு சொல்ல வரல. வெளிமானுக்கு ஓடறதுக்கு வெட்டவெளி புல்லு வேணும், அங்க செடி ஏறினா எடுத்துத்தான் ஆகணும். ஆனா எதை எடுக்கணும்னு தெரிஞ்ச ஒருத்தராவது கூட நிக்கணும்ல. அடுத்த தடவை உன்னிச்செடி மட்டும் பிடுங்குறதா இருந்தா சொல்லுங்க, கிளவுஸ், மண்வெட்டியோட நானே வர்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேடவாக்கம்