அரியலூர்ச் சிப்பியின் பங்காளி எங்கள் ஆற்றில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரியலூர், காரை, கருடமங்கலம் பகுதிகளின் புதைபடிவங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிஸ்காவை மறக்காமல் குறிப்பிட்டதற்கே தனியாகப் பாராட்ட வேண்டும். அந்தப் பாறைகளில் கிடைத்த சிப்பிகளை 1871 வாக்கிலேயே படங்களோடு விவரித்துவிட்டுப் போனவர் அவர். ஆனால் டிரைகோனியா என்னும் முக்கோணச் சிப்பி வம்சம் டைனோசர்களோடு பூண்டற்றுப் போனது என்று எழுதியிருந்த வரியைத் திருத்த வேண்டும்.

ஐரோப்பிய அறிஞர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 1802இல் பிரெஞ்சுக் கடற்பயணக் குழுவோடு போன இயற்கையியலாளர் பெரோன், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுப் பக்கத்தில் கல்லாகிப் போகாத ஒரு சிப்பி ஓட்டைக் கண்டெடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து பிரெஞ்சு விலங்கியலாளர் லமார்க் அதை டிரைகோனியா என்றே விவரித்தார். இன்று அதற்கு நியோடிரைகோனியா என்று பெயர். ஒரு காலத்தில் உலகக் கடல்களெங்கும் பரவியிருந்த வம்சத்தில் இப்போது ஆஸ்திரேலியக் கடலோரத்தில் சில இனங்களே மிச்சம்.

இதில் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த நியோடிரைகோனியாவுக்கு உயிரோடுள்ள நெருங்கிய உறவு எது? தூத்துக்குடி முத்துச்சிப்பி இல்லை, பழவேற்காட்டு மட்டியும் இல்லை. ஒகேனக்கல் காவிரியிலும் தென்பெண்ணையிலும் ஏரிச் சேற்றிலும் கிடக்கும் நன்னீர்ச் சிப்பிதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாறையில் தேய்த்து ஓட்டை போட்டு மாங்காய்த் தோல் சீவுவார்களே, அதே சிப்பி. லாமெல்லிடென்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர்.

வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. ஒன்று முக்கோணமாக, புடைத்த வரிகளோடு இருக்கும். மற்றது நீண்டு வழுவழுப்பாக இருக்கும். இரு ஓடுகளும் இணையும் கீலில் ஒன்றோடொன்று பொருந்தும் மேடுகளான கீல் பற்களும் வேறு மாதிரி. புதைபடிவத்தில் சதை மிஞ்சுவதில்லை என்பதால் ஓடுகளை மட்டும் வைத்துப் பார்த்தவர்கள் கீலை நம்பினார்கள். உயிருள்ளவற்றை அறுத்துப் பார்த்தவர்கள் செவுளை நம்பினார்கள். இரு தரப்பின் வகைப்பாடுகளும் வெகுகாலம் ஒத்துப்போகவில்லை. ஓட்டின் உட்புறத்து முத்துப் பளபளப்பு இரண்டுக்கும் பொது என்றாலும், முத்துச்சிப்பிக்கும் அது உண்டு என்பதால் அதை மட்டும் சாட்சியாகக் கொள்ள முடியாது. கடைசியில் மரபணு ஒப்பீடுகள்தான் இரண்டையும் ஒரே கிளையில் சேர்த்து உறுதிசெய்தன.

தோற்றம் ஏமாற்றும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே உதாரணம் உண்டு. வரிவரியாக இருக்கும் ரத்த மட்டியைப் பார்த்து, காக்கிள் (cockle) எனப்படும் வரி மட்டிகளின் குடும்பம் என்பார்கள். கீலைப் பாருங்கள், நேர்கோட்டில் பொடிப்பொடியாகப் பல பற்கள். அது வேறு பெருங்கிளை. உண்மையான காக்கிள் குடும்பத்தில் இருப்பதோ லட்சத்தீவின் ராட்சத மட்டி! மரக்கலத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் புழுவே அல்ல, சிப்பிதான்.

நன்னீர்ச் சிப்பி கடலை விட்டு ஆற்றுக்குள் நிலைத்த விதம்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கடல் சிப்பிகளில் பெரும்பாலானவற்றின் இளம்புழுக்கள் நீரில் மிதந்து பரவும். ஆற்றில் அப்படி மிதந்தால் வெள்ளம் அடித்துப் போய்விடும். எனவே இதன் இளம்புழு மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விக்கொண்டு ஒட்டுண்ணியாகச் சில காலம் கழித்துவிட்டு, பிறகு மணலில் இறங்குகிறது. ஆற்றில் மீன் குறைந்தால் சிப்பியும் குறையும்.

அதே மணலில் கிடக்கும் கார்பிகுலா என்னும் சிறிய நன்னீர் மட்டி வேறு கதை. அது கடல் மட்டிகளின் கிளையிலிருந்து தனியாக நன்னீருக்குள் வந்தது. அடுத்தடுத்துக் கிடந்தாலும் இரண்டும் நெருங்கிய சொந்தம் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் புதைபடிவச் சிப்பி கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவை சுமார் 250 கோடி ஆண்டு பழையவை. சிப்பிகள் தோன்றியதோ 50 கோடி ஆண்டுக்குச் சற்று முன்புதான். கல்குவாரியில் தேடச் சொல்லி மாணவர்களை அனுப்புகிற ஆசிரியர்கள் கவனிக்கவும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் சிப்பிகளின் வெளிப்புறப் படத்தோடு, கீல் தெரியும்படி உட்புறப் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்