மோட்டாரில் தொடங்காதே

காவேரிப்பட்டணம்,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

புது டிரோன் செய்ய நீ அனுப்பிய சாமான் பட்டியல் வந்து சேர்ந்தது. கைப்பேசியில் எழுத்து பொடியாகத் தெரிந்ததால் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் தாளில் எடுத்துக்கொண்டேன். மூன்று நாளாக அது நம் கடையின் மோட்டார் வைண்டிங் மேசையின் கண்ணாடிக்கு அடியில்தான் கிடக்கிறது. அப்பா ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். "எங்கே போய் விழப்போகிறது என்று முதலிலேயே எழுதியிருந்தால் நல்லது" என்று சொல்லிவிட்டு, சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றைக் கழற்றப் போய்விட்டார். அதனால் பதில் எழுதும் வேலை எனக்கு வந்தது.

பட்டியலை நீ மோட்டாரில் தொடங்கியிருக்கிறாய். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. போர் எத்தனை அடி, தண்ணீர் எவ்வளவு என்று கேட்காமல் எடுத்த எடுப்பில் இத்தனை ஹெச்பி என்று சொல்கிறவரை நம் கடைத் திண்ணையில் உட்கார்ந்து நீயே கேலி செய்திருக்கிறாய். இங்கேயும் அதே கதைதான். எங்கே பறக்கப்போகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் புரொபெல்லரை முடிவு செய். அந்தப் புரொபெல்லருக்கு ஏற்ற மோட்டார், மோட்டார் இழுக்கும் ஆம்பியருக்கு ஏற்ற ஈ.எஸ்.சி. என்ற வேகக் கட்டுப்பாட்டுச் சாமான், கடைசியில் பேட்டரி என்று ஒவ்வொன்றாக வா.

பறக்கப்போவது நம் மாந்தோப்பில். மரங்களை 30 அடி இடைவெளியில் நட்டிருந்தாலும் தோத்தாபுரி கிளை விரித்த பிறகு நடுவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று உனக்கே தெரியும். அதற்குள் ஐந்து அங்குலப் புரொபெல்லர் நான்கு வைத்த பெரிய குவாட் டிரோன் வேண்டாம். பேட்டரியோடு 600, 700 கிராம் வரும், கிளையில் மோதினால் கிளையும் போகும். பக்கத்துத் தோப்புக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியது நான். மூன்று அங்குலம் போதும். ஊடுபாதையில் மெதுவாகவும் போகும், மனம் வந்தால் விரட்டவும் செய்யலாம்.

எடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 250 கிராமுக்குள் நின்றால் அது நானோ வகை. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி அதை ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்று நினைத்துக்கொள்ளாதே. முன் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்திலும் 400 அடிதான் எல்லை. ஓசூரில் மாமா வீட்டிலும் எடுத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது. எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் பெட்டியைத் திறக்காதே.

உன் பழைய குவாட்டின் சாமான்களைச் செம்புக் கம்பி நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கார்பன் சட்டம் 38 கிராம், நான்கு மோட்டாரும் சேர்ந்து 38, கன்ட்ரோல் போர்டு 9, கேமராவும் வீடியோ டிரான்ஸ்மிட்டரும் 14, ரிசீவர் 2, புரொபெல்லர்கள் 6, ஒயர், திருகு, கனெக்டர், பேட்டரியைக் கட்டும் பட்டை எல்லாம் 18. ஆக 125. நீ எழுதியிருக்கும் 1300 எம்.ஏ.ஹெச். பேட்டரி 155 கிராமாவது இருக்கும், ஏற்றினால் 280. நான்கு செல் 850 வைத்தால் 225 அளவில் நின்றுவிடும். பெரிய பேட்டரி வைத்தால் நெடுநேரம் பறக்கும் என்று நினைக்கிறாய். அந்தக் கூடுதல் கனத்தைத் தூக்கவே அதில் ஒரு பங்கு போய்விடுமே, கண்ணு. எவ்வளவு கரண்ட் தரும் என்று பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் சி எண்ணையும் நம்பாதே. 75சி என்றால் 850க்குக் கிட்டத்தட்ட 64 ஆம்பியர் என்று கணக்கு வரும். நான் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்வேன்.

இனி மோட்டார். 1404, 4600 கே.வி. என்று எழுதியிருக்கிறாய். 1404 சரி. காயில் சுற்றிய ஸ்டேட்டர் 14 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் உயரம், மூன்று அங்குலத்துக்கு அது போதும். கே.வி.தான் உதைக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று சுழலும் என்பதே அந்த எண். நான்கு செல் முழுச் சார்ஜில் 16.8 வோல்ட். 4600 என்றால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 77,000 சுற்றுக்கு மேல் வருகிறது. நம் போர் மோட்டார் 2,900ஐக்கூடத் தொடாது! 3800 வாங்கினால் 64,000 அளவில் நிற்கும். கே.வி.யைக் கூட்ட வேண்டுமானால் ஸ்டேட்டரின் ஒவ்வொரு பல்லிலும் கம்பிச் சுற்றைக் குறைக்க வேண்டும். கம்பிச் சுற்று குறைந்த மோட்டார் அதே புரொபெல்லரை வேகமாகச் சுழற்றப் பார்த்துக் கரண்டை அள்ளும், சூடாகும், பேட்டரி வோல்ட்டேஜ் தொபுக்கென்று இறங்கும். 3800 எடு. வேகம் போதவில்லை என்றால் அப்புறம் என்னைத் திட்டிக்கொள்.

தீபாவளிக்கு வந்தபோது கருகிய மோட்டார் ஒன்றை வைத்துவிட்டுப் போனாயே, அதை நான் பிரித்துப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ஒன்பது பல், பன்னிரண்டு காந்தம். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே அவிழ்த்தேன். 22 வருடம் காயில் சுற்றிய கை, ஆனாலும் அந்த மயிரிழைக் கம்பியில் இரண்டு தடவை கணக்கு தப்பியது. சுமை தாங்காமல் எரிந்தது என்று நீ சொன்னாய். சுமையால் எரிந்திருந்தால் மூன்று பேஸும் ஒரே மாதிரி கறுத்திருக்கும். இதில் ஒரு பேஸில், அடிப்பக்கம் ஒரே இடத்தில் எனாமல் சுரண்டியிருந்தது. நேர் கீழே திருகுத் துளை. நீ போட்ட திருகு ஒரு மில்லிமீட்டர் நீளம் அதிகம், தம்பி. அது உள்ளே நுழைந்து காயிலைத் தொட்டிருக்கிறது. கார்பன் சட்டமும் கரண்டைக் கடத்தும் என்பதால் ஈ.எஸ்.சி.யும் சேர்ந்து போய்விட்டது. கடைக்காரரைக் குறை சொல்லி நீ எழுதிய நீளமான கடிதத்துக்கு அவர் பதில் போடாததில் ஆச்சரியம் இல்லை.

இந்தத் தடவை எம்2 திருகைச் சட்டத்தின் கைக்குள் விட்டு, மறுபக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டு வருகிறது என்று அளந்து பார். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மாட்டிய பிறகு மல்டிமீட்டரை வைத்து, மோட்டாரின் மூன்று ஒயருக்கும் சட்டத்துக்கும் தொடர்பு இல்லை என்று பார்த்துவிட்டுப் பற்றவை. இங்கே கரண்ட் கசிகிறதா என்று மெகர் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த மோட்டாரையாவது கிணற்றில் இறக்குகிறோமா?

போர்டு விஷயத்தில் உனக்கு அவசரம். ஒன்றன் மேல் ஒன்றாகப் போர்டுகள் வரும் 45 ஆம்பியர் அடுக்கு ஒன்றைப் போட்டிருக்கிறாய். அது ஐந்து அங்குலக்காரர்களுக்கு. அதன் துளை இடைவெளி 30.5 மில்லிமீட்டர், உன் சட்டத்தில் இருப்பதோ 25.5. வாங்கி வந்து ரம்பம் தேடுவாய். கன்ட்ரோலரும் ஈ.எஸ்.சி.யும் ஒரே தகட்டில் வரும் 20, 25 ஆம்பியர் போர்டு போதும். பேட்டரி ஒயர் சேரும் இடத்தில் 35 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை மறக்காமல் பற்றவை. மோட்டார் சட்டென்று வேகம் குறையும்போது திரும்பி வரும் வோல்ட்டேஜ் அடியை அதுதான் வாங்கிக்கொள்ளும். சுற்றும் திசை தப்பாக இருந்தால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் சரி. தோட்டத்து மோட்டார் தலைகீழாகச் சுற்றும்போது அப்பா செய்வதும் இதுதான்.

பட்டியலின் கடைசியில் 'ஸ்மோக் ஸ்டாப்பர்' என்று ஒன்று. அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க நம் சுவரில் தொங்கும் சீரியல் பல்புதானே அது! அதை விலைக்கு வாங்காதே. கார் பிரேக் லைட்டின் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை எக்ஸ்.டி.30 பேட்டரி கனெக்டரோடு சேர்த்துச் செய்து வைத்திருக்கிறேன். முதல் தடவை பேட்டரி கொடுக்கும்போது நடுவில் போடு. மினுக்கென்று எரிந்து அணைந்தால் நல்லது. நின்று பளிச்சென்று எரிந்தால் உடனே பிடுங்கிவிட்டு எங்கே ஷார்ட் என்று தேடு. புரொபெல்லர் மாட்டாமல் இதைச் செய். வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும் ஆண்டெனாவை மாட்டிய பிறகுதான் கரண்ட்.

டிரோன் கேமரா உன் கண்ணாடிக்கு அனுப்பும் படம் விஷயத்தில் டிஜிட்டலுக்கு மாறப்போவதாக எழுதியிருக்கிறாய். படம் துல்லியமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மற்ற எல்லாச் சாமானும் சேர்ந்த விலையை அது ஒன்றே கேட்கிறது. படம் அனுப்பும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை எதுவானாலும் பச்சை இலைக்கும் பாறைக்கும் பயந்ததுதான். அனலாக்கில் பொரிபொரியாகப் படம் கலங்கும்போதே திரும்பிவிடலாம், டிஜிட்டல் உறைந்து நின்றுவிட்டால் நீ எந்த மரத்தில் இருக்கிறாய் என்று எப்படித் தெரியும்? ஒரு வருடம் அனலாக்கிலேயே ஓட்டு. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்று போட்டிருப்பது சரியான தேர்வு, அதில் கை வைக்காதே.

பொங்கலுக்குப் புனேவிலிருந்து பஸ்ஸில் வரும்போது பேட்டரிகளை முழுச் சார்ஜில் கொண்டுவராதே. செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துத் தகரப் பெட்டியில் போடு. ஈயம், ஒயர், கனெக்டர் எல்லாம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இறங்கி வாங்கிக்கொள். அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

இன்னொன்று. டிரோன் படம் பார்க்க முகத்தில் மாட்டும் பழைய பெட்டிக் கண்ணாடியை விற்றுவிட்டு இரட்டைக் குழல் கண்ணாடி வாங்கப்போகிறேன் என்றாய். இதில் என் சுயநலம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இரட்டைக் குழல் என் மூக்குக் கண்ணாடி மேல் உட்காராது, பெட்டிக் கண்ணாடி உட்காரும், போட்டுப் பார்த்திருக்கிறேன். தை பிறந்தால் வடக்குக் கோடி மரங்கள் உச்சியெல்லாம் பூத்து நிற்கும், கீழே நின்று பார்த்தால் பாதிதான் தெரிகிறது. அதனால் அதை இப்போது விற்காதே.

அன்புடன்,
அம்மா