பழைய சொகுசுக் காரின் கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்? மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதமும், மூன்று ஆயில் டின்களின் படங்களும் கிடைத்தன. ஒன்று கார் நிறுவனத்தின் பெயர் பொறித்தது. இன்னொன்று கியர்பாக்ஸைச் செய்த நிறுவனமே விற்பது. மூன்றாவது, எல்லாத் தானியங்கி கியர்பாக்ஸுக்கும் ஏற்றது என்று எழுதப்பட்ட, விலை மிகக் குறைந்த டின். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். முதல் இரண்டில் எதை வாங்கினாலும் எனக்குச் சம்மதம், மூன்றாவதை வாங்காதே. மசகெண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்திலேயே என் வேலைக்காலம் கழிந்ததால் இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. வொர்க்‌ஷாப்பில் ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது நீ குழம்பக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆயில் வாங்கும்போது காரின் பெயரை மறந்துவிட்டு, அதன் அடியில் இருக்கும் கியர்பாக்ஸின் பெயரைப் பார்க்க வேண்டும். நீ அனுப்பிய கியர்பாக்ஸ் தகட்டின் படத்தில் 6எச்பி26 என்று தெளிவாகத் தெரிகிறது. அது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் உருவாக்கிய ஆறு கியர் தானியங்கிப் பெட்டி. 2001ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் முதலில் வந்தது. பிறகு ஜாகுவார், ஆடி, பென்ட்லி, ரேஞ்ச் ரோவர் எனப் பல சொகுசுக் கார்களிலும் இடம்பெற்றது. முகப்பில் எந்தச் சின்னம் இருந்தாலும் உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளுக்கும் வால்வுகளுக்கும் வேண்டிய ஆயிலின் குணம் ஒன்றுதான். ஷெல் எம்1375.4 என்ற ஆயிலைக் கொண்டு வடிவமைக்கப்பட்ட பெட்டி அது. அதே தரத்து ஆயிலைத்தான் இசட்எஃப் லைஃப்கார்டு 6 என்ற பெயரில் விற்கிறது. எனவே கார் நிறுவனத்தின் டின்னுக்கும் கியர்பாக்ஸ் நிறுவனத்தின் டின்னுக்கும் இடையே நீ கவலைப்பட ஒன்றுமில்லை. எது எளிதில், முத்திரை உடையாமல் கிடைக்கிறதோ அதை வாங்கு.

காரின் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மெர்சிடிஸின் ஏழு கியர்ப் பெட்டி நல்ல எடுத்துக்காட்டு. 2003இல் அறிமுகமான அந்தப் பெட்டிக்கு 236.14 என்ற தரத்தில் சிவப்பு நிற ஆயில் வேண்டும். பிற்காலத்தில் திருத்தி அமைக்கப்பட்ட பதிப்புக்கு 236.15 என்ற தரத்தில், மேலும் இளகிய நீல நிற ஆயில் வேண்டும். பெட்டியின் அடிப்படைக் குறியீடு மாறவில்லை, ஆயில் மாறிவிட்டது. மாடல் பெயரைச் சொல்லிக் கடையில் ஆயில் கேட்பவர் இந்த இடத்தில்தான் தவறான டின்னோடு வீடு திரும்புகிறார்.

இனி, அந்த மூன்றாவது டின்னை நான் ஏன் இவ்வளவு உறுதியாக மறுக்கிறேன் என்பதற்கு வருகிறேன். எஞ்சின் ஆயிலின் முதன்மையான வேலை உராய்வைக் குறைப்பது. தானியங்கி கியர்பாக்ஸின் ஆயிலுக்கு அதைவிடக் கடினமான வேலை இருக்கிறது. பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் அது வழுவழுப்பாக வைத்திருக்க வேண்டும். அதே ஆயிலில் மூழ்கியிருக்கும் கிளட்ச் தகடுகள் மட்டும் வழுக்காமல் பற்றிக்கொள்ளவும் வேண்டும். அது மட்டுமன்று, அந்தத் தகடுகளை அழுத்தும் விசையைக் கொண்டு செல்வதும் அந்த ஆயில்தான், உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியே எடுத்துச் செல்வதும் அந்த ஆயில்தான். இப்படி ஒன்றுக்கொன்று முரணான வேலைகளை ஒரே திரவத்திடம் வாங்குவதற்காக, உராய்வைத் திருத்தும் சேர்மங்களை மிக நுட்பமான அளவில் அதில் கலக்கிறார்கள். எந்தச் சேர்மம், எவ்வளவு என்பது அந்தப் பெட்டியின் கிளட்ச் தகடுகளில் ஒட்டப்பட்டிருக்கும் காகிதம் போன்ற உராய்வுப் பொருளைப் பொறுத்தது. அதனால்தான் ஒரு பெட்டிக்கு அமுதமாக இருக்கும் ஆயில் இன்னொரு பெட்டிக்கு ஆகாமல் போகிறது.

உன் கார் மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது, வரிவரியான மேடுகளின் மீது ஓடுவது போல நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் என் கவனம், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்சின் மீதுதான் சென்றது. பழைய காலப் பெட்டிகளில் அந்த கிளட்ச் ஒன்று முழுவதும் பிடித்திருக்கும், அல்லது முழுவதும் விட்டிருக்கும். உன் பெட்டியிலோ, எஞ்சினின் அதிர்வு காருக்குள் வராமலிருக்கவும் எரிபொருளை மிச்சப்படுத்தவும், அது வேண்டுமென்றே சிறிதளவு வழுக்கியபடியே ஓடும்படி கணினி பார்த்துக்கொள்கிறது. அந்த வழுக்கல் சீராக இருக்க வேண்டுமானால், வழுக்கும் வேகம் குறையக் குறைய உராய்வும் சற்றே குறைய வேண்டும். ஆயிலில் உள்ள சேர்மங்கள் தேய்ந்துபோனால் அல்லது தொடக்கத்திலிருந்தே பொருந்தாத சேர்மங்களாக இருந்தால், இந்த உறவு தலைகீழாகிவிடும். வேகம் குறைந்ததும் தகடு சட்டென்று ஒட்டிக்கொள்ளும், விசை கூடியதும் விடுபடும், மீண்டும் ஒட்டிக்கொள்ளும். கனமான மர நாற்காலியைத் தரையில் இழுக்கும்போது அது விட்டுவிட்டுத் துள்ளுகிறதே, அதே இயக்கம்தான் நொடிக்குப் பலமுறை நிகழ்ந்து உன் இருக்கைக்கு நடுக்கமாக வந்து சேர்கிறது. இந்த நடுக்கத்திற்கு மலிவான பொது ஆயிலை ஊற்றுவது, நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுப்பதாகிவிடக் கூடும்.

வயதான காருக்குக் கொஞ்சம் கெட்டியான ஆயில் நல்லது என்று உன் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். தேய்ந்த எஞ்சினைப் பற்றி அப்படிப் பேசுவதில் ஓரளவு பொருள் இருக்கலாம். இந்தப் பெட்டிக்கு அதை ஏற்க மாட்டேன். இதற்குள் மின்காந்த வால்வுகள், மிகச் சிறிய துளைகள் வழியே ஆயிலை அளந்துவிட்டு, ஒவ்வொரு கிளட்சும் எந்த அழுத்தத்தில் பிடிக்க வேண்டும் என்பதைக் கணினியின் கட்டளைப்படி தீர்மானிக்கின்றன. ஆயிலின் பிசுக்குமை, அதாவது கெட்டித்தன்மை, மாறினால் கணினி போட்டுவைத்திருக்கும் கணக்கு முழுவதும் பிசகும். குளிர்ந்த நிலையில் கியர் தாமதமாக விழும், விழும்போது இடிக்கும். தொழிலே காலப்போக்கில் இளகிய ஆயிலை நோக்கித்தான் நகர்ந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2005ஆம் ஆண்டளவில் கொண்டுவந்த டெக்ஸ்ரான் 6 என்ற கியர்பாக்ஸ் ஆயில் தரம், அதற்கு முந்தைய டெக்ஸ்ரான் 3ஐவிட இளகியது. 100 டிகிரி செல்சியஸில் அதன் பிசுக்குமை, அதை அளக்கும் அலகில் 6.4 சென்டிஸ்டோக்ஸைத் தாண்டக் கூடாது என்பது விதி. டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் வழங்குவதையும் அந்த நிறுவனம் 2006ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஒரு டின்னில் டெக்ஸ்ரான் 3 என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தால், அந்தத் தரத்தை வகுத்தவர்கள் அதைச் சோதித்து ஒப்புதல் தருவதில்லை என்பதை நினைவில் வை. உன் மூன்றாவது டின்னின் முகப்பில் இருப்பது அந்த எழுத்துதான்.

டின்னின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் உனக்கு வர வேண்டும். கியர்பாக்ஸ் நிறுவனம் ஓர் ஆயிலைச் சோதித்து ஏற்றிருந்தால் அந்த ஒப்புதல் எண்ணோடு அச்சிடப்பட்டிருக்கும். மெர்சிடிஸ் தன் ஒப்புதலை 236இல் தொடங்கும் எண்களாகவும், இசட்எஃப் தன் ஒப்புதலை டிஇ-எம்எல் 11 என்ற பட்டியல் வழியாகவும் தருகின்றன. மற்றபடி இன்னின்ன கார்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது, பொருந்தும், தேவைகளை நிறைவு செய்யும் என்று நாற்பது பெயர்களை அடுக்கியிருந்தால், பரிந்துரைப்பவர் அந்த ஆயிலை விற்பவரே. அவர் நேர்மையானவராகவும் இருக்கலாம், சில பொது ஆயில்கள் எளிய பெட்டிகளில் நன்றாகவும் ஓடலாம். ஆனால் சிறு பிசகுக்கும் கோபித்துக்கொள்ளும் பெட்டி உன்னுடையது. அதில் அந்தச் சோதனையை நீ செய்து பார்க்க வேண்டியதில்லை.

காரோடு வந்த கையேட்டில் இந்த ஆயில் வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது என்று எழுதியிருப்பதைப் பார்த்து, மாற்றவே வேண்டுமா என்றும் தயங்கியிருக்கிறாய். பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது அதிகபட்சம் எட்டு ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. எனக்கு அந்தச் சொல் போதும். மலைப்பாதையிலும் நெரிசலிலும் ஓடிச் சூடேறிய பெட்டிக்கு அதற்கும் முன்னதாகவே மாற்றுவது நல்லது. எண்ணெயின் வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் அது கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்ற கணக்கை எங்கள் கூடத்தில் எப்போதும் கையில் வைத்திருப்போம். உன் காரின் முந்தைய உரிமையாளர்கள் ஆயில் மாற்றியதற்கு ஒரு ரசீதுகூட இல்லை என்றால், மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்.

பழைய ஆயிலை மாற்றினால் பெட்டி செத்துவிடும் என்று மெக்கானிக் அச்சுறுத்தியதை நான் அலட்சியம் செய்யவில்லை. அவர் அப்படி நடந்ததைக் கண்ணால் பார்த்திருப்பார். ஆனால் காரணம் வேறு. பெரும்பாலோர் கியர் வழுக்கத் தொடங்கி, தகடுகள் கருகிய பிறகுதான் ஆயிலைப் பற்றியே நினைக்கிறார்கள்; அந்த நிலையில் ஆயிலை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்தப் பெட்டி சில காலமே ஓடும், பழி மட்டும் புதிய ஆயிலின் மீது விழுகிறது. உன் காரில் எஞ்சினின் சுழற்சி விர்ரென்று ஏறியும் கார் இழுக்காமல் நிற்கும் அறிகுறி இருக்கிறதா என்பதை மட்டும் ஓட்டிப் பார். இருந்தால், விலை உயர்ந்த ஆயிலுக்குச் செலவழிக்காமல் பெட்டியை இறக்கிப் பிரிப்பதைப் பற்றி யோசி. நடுக்கமும், கியர் மாறும்போது சிறு இடியும் மட்டுமே என்றால், ஆயில் மாற்றத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

மாற்றும் முறையிலும் பிடிவாதமாக இரு. எந்திரத்தை இணைத்து அழுத்தத்தோடு கழுவும் முறைக்கோ, ஆயிலோடு கழுவும் திரவத்தைக் கலந்து ஓட்டுவதற்கோ ஒப்புக்கொள்ளாதே. ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கும் கசடு பெயர்ந்து அந்தச் சிறிய வால்வுகளில் போய் அடைத்துக்கொள்ளும். பெட்டியின் அடியில் ஆயில் தங்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றி, வடியவிட்டு நிரப்புவதே போதும். மொத்தம் 9 முதல் 10 லிட்டர் கொள்ளும் பெட்டியில் அப்படி வடிப்பது ஏறத்தாழ பாதிதான். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். எனவே ஒருமுறை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுமுறையும் மாற்றினால், பெட்டிக்குள் முக்கால் பங்கு புதிய ஆயில் இருக்கும். விலை உயர்ந்த ஆயிலை இரண்டு முறை வாங்குவது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் செய். உன் பெட்டியில் பேன் பிளாஸ்டிக்கால் ஆனது, ஃபில்டர் அதோடு சேர்ந்தே வருகிறது. முதல் முறை பேனையே புதிதாக மாற்ற வேண்டும், அதன் போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கக் கூடாது.

பேனைக் கழற்றும் அதே வேளையில், மின் இணைப்பு பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் உறையையும் மாற்றச் சொல். அதன் ரப்பர் வளையங்கள் வயதாகி இறுகி, ஆயில் துளித்துளியாகக் கசிவது இந்தப் பெட்டிகளில் பலரும் அறிந்த ஒன்று. ஆயில் குறைந்தாலும் கியர் இடிக்கும், நடுங்கும். அதைப் பார்த்து ஆயிலின் தரத்தைக் குறை சொல்வது வீண். கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் சிறு புட்டிகளைத் தொடாதே. அவை ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்கின்றன. கசியும் சீல் சில நாள் அடங்கும், கசியாத சீலும் சேர்ந்து மிருதுவாகிக் கெடும். நிபுணர்கள் இவ்வளவு நுட்பமாக அளந்து கலந்த ஆயிலில் பெயர் தெரியாத ஒன்றை நாம் ஏன் சேர்க்க வேண்டும்?

வேலை நடக்கும் நாளில் நீ பக்கத்தில் இரு. வடிக்கும் போல்ட்டைத் திறப்பதற்கு முன் நிரப்பும் போல்ட் திறக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்பது பெரிய தொல்லை. இதில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கார் மட்டமாக நிற்க, ஆயிலின் வெப்பநிலை 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது நிரப்பும் துளையில் ஆயில் விளிம்பைத் தொட்டு வழிய வேண்டும். அந்த வெப்பநிலையைக் கையால் தொட்டு ஊகிக்காமல், காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாத வொர்க்‌ஷாப் என்றால், மெக்கானிக் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த ஒரு வேலைக்கு வேறு இடம் பார். எல்லாம் முடிந்ததும், பழைய ஆயிலுக்கு ஏற்பக் கணினி பழகிவைத்திருக்கும் கிளட்ச் அளவுகளை அழித்து, புதிதாகக் கற்கவிட வேண்டும். முதல் சில நாட்கள் கியர் சற்றுத் தடுமாறினால் பயப்படாதே.

இன்னொன்று கேட்கிறேன். கழற்றிய பேனைத் துடைப்பதற்கு முன் அதற்குள் இருக்கும் காந்தங்களை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்பு. சாம்பல் நிறத்தில் மையைப் போன்ற மெல்லிய பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம், இரண்டாம் முறைக்கான ஆயிலையும் வாங்கிவிடு. மின்னும் உலோகச் சீவல்கள் தென்பட்டால், புதிய பேனை மாட்டச் சொல்வதற்கு முன் என்னைக் கூப்பிடு. பழைய ஆயிலில் கால் லிட்டரைச் சுத்தமான புட்டியில் எடுத்து வைக்கவும் சொல்.

அன்புடன்,
அம்மா