விஆர் ஹெட்செட் கம்பெனிகளுக்கு: முழு விலையையும் முதலிலேயே சொல்லுங்கள்

மெட்டா, சோனி, வால்வ், எச்டிசி, பீகோ, ஆப்பிள், சாம்சங் நிறுவனங்களுக்கும், இனிமேல் இந்தச் சந்தைக்குள் வரப்போகிற மற்றவர்களுக்கும்,

வணக்கம். மெய்நிகர் உலகத்தைக் கண்முன் காட்டுகிற உங்கள் விஆர் ஹெட்செட்டுகளைத் தலையில் மாட்டிக்கொண்டு சுவரில் கையை இடித்துக்கொள்கிற, புது மாடல் வரும்போதெல்லாம் "இதை வாங்கலாமா, அடுத்ததற்குக் காத்திருக்கலாமா" என்று மண்டையை உடைத்துக்கொள்கிற கூட்டத்தில் ஒருவன் எழுதுகிறேன். கேட்க வேண்டியது ஒன்றுதான். விலையைக் கூட்டுங்கள், குறையுங்கள், அது உங்கள் வியாபாரம். ஆனால் நாங்கள் கொடுக்கப்போவது மொத்தம் எவ்வளவு என்பதை வாங்குகிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற எண் முழு விலை இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இது இன்று நேற்று ஆரம்பித்ததில்லை. 2016 மார்ச்சில் ஆக்குலஸ் ரிஃப்ட் 599 டாலருக்கு வந்தது (ஆக்குலஸ் அப்போதே பேஸ்புக்குக்கு, அதாவது இன்றைய மெட்டாவுக்குச் சொந்தம்). உள்ளே, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடிக்கிற சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஒன்று இருந்தது. அதாவது, விஆர் உலகத்துக்குள் போய்க் கையை நீட்டினால் அங்கே கை இல்லை! கைக்கான டச் கன்ட்ரோலர்கள் டிசம்பரில்தான் வந்தன, தனியாக 199 டாலர். அதே வருடம் அக்டோபரில் சோனி பிளேஸ்டேஷன் விஆரை 399 டாலருக்குக் கொண்டுவந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது வேலை செய்யத் தேவையான கேமரா அந்த விலையில் இல்லை, கைக்கான மூவ் கன்ட்ரோலரும் இல்லை. எச்டிசி வைவ் 799 டாலர் என்றதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் கன்ட்ரோலர் இரண்டும், அறை மூலையில் மாட்டுகிற பேஸ் ஸ்டேஷன் பெட்டி இரண்டும் சேர்ந்தே இருந்தன. மூன்றில் நேர்மையான விலைச்சீட்டு, விலை அதிகமாகத் தெரிந்த அந்த ஒன்றில்தான் இருந்தது. (நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும் என்பதை ரிஃப்ட்டும் வைவும் சேர்த்துச் சொன்னால் இன்னும் தலை சுற்றும், அதை விட்டுவிடுவோம்.)

அடுத்த வருடமே என்ன நடந்தது? 2017 கோடையில் ரிஃப்ட்டும் டச்சும் சேர்த்து 399 டாலர். முதலில் வாங்கியவர்கள் இரண்டுக்குமாகக் கொடுத்தது 798. ஆகஸ்டில் வைவும் 599-க்கு இறங்கியது. முதலில் வாங்கியவர்களுக்கு வயிறு எரிந்தது உண்மைதான், ஆனாலும் அதைக் குறை சொல்ல மாட்டேன். எதிரே ஒருவன் நின்றால் விலை இறங்கும். போட்டி இருந்த காலம் அது.

இப்போது மெட்டாவிடம் தனியாகப் பேச வேண்டும். 2019-இல் கணினியே தேவைப்படாத குவெஸ்ட்டை 399 டாலருக்குக் கொண்டுவந்தீர்கள், 2020-இல் குவெஸ்ட் 2-வை 299 டாலருக்கு. விஆரைச் சாதாரண ஆட்களின் கைக்கு எட்டவைத்தது அந்த 299 டாலர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நேரத்தில் பேஸ்புக் கணக்கு இல்லாமல் அதைத் தொடக்கூட முடியாது என்றீர்கள். ஜெர்மனியில் விற்பனை நின்றுபோனது, அங்கே போட்டி ஆணையமும் கேள்வி கேட்டது, 2022 ஆகஸ்டில்தான் தனி மெட்டா கணக்கு என்று ஒன்று வந்தது. அதே 2022 ஆகஸ்டில் இரண்டு வயதான அதே குவெஸ்ட் 2-வின் விலையை 100 டாலர் ஏற்றினீர்கள். உற்பத்திச் செலவு கூடிவிட்டது என்று சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் எலக்ட்ரானிக் சாமான் பழசாகப் பழசாக விலை ஏறுவதை அதற்கு முன் நாங்கள் அவ்வளவாகப் பார்த்ததில்லை, எதிரே நின்று விலையை இறக்கவைக்கிற போட்டியும் அன்றைக்குப் பெரிதாக இல்லை. அடுத்த வருடம் பழையபடி 299 ஆனது.

விஆர் வேலையைப் பார்க்கிற உங்கள் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2022-இல் ஏறக்குறைய 1,370 கோடி டாலர் நஷ்டம் காட்டியது, 2023-இல் 1,610 கோடி, 2024-இல் 1,770 கோடி. இப்படி வருடா வருடம் கைக்காசு போட்டு நடத்துகிறவர் அதை எங்கள் மேல் உள்ள பாசத்தால் செய்யவில்லை என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். இன்று போடுகிறதை நாளைக்கு எங்கேயோ எடுக்கப்போகிறீர்கள். கடையில் விற்கிற கேமிலிருந்தா, விளம்பரத்திலிருந்தா, எங்கள் தலையும் கையும் அசைகிற கணக்கிலிருந்தா? அதைத்தான் சொல்லச் சொல்கிறேன்.

சரி, டிராக்கிங், அதாவது தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்று ஹெட்செட் கண்டுபிடிக்கிற வேலை. இதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

வால்வும் எச்டிசியும் கொண்டுவந்த லைட்ஹவுஸ் முறையில், அறையின் மூலையில் இருக்கும் பேஸ் ஸ்டேஷன் பெட்டி எதையும் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அறை முழுவதும் வீசிக்கொண்டே இருக்கும். ஹெட்செட்டிலும் கன்ட்ரோலரிலும் பதித்திருக்கும் சின்னச் சின்ன சென்சார்கள், அந்த லேசர் தங்கள் மேல் எந்த நொடியில் பட்டது என்பதை வைத்து எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம். ஆனால் பெட்டியை உயரத்தில் மாட்ட வேண்டும், சுவரில் துளை போட வேண்டும், ஒயர் இழுக்க வேண்டும். 2019-இல் வால்வ் இன்டெக்ஸ் முழு செட் 999 டாலர்.

அப்புறம் கேமராக்கள் ஹெட்செட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. மேசை முனை, கதவு நிலை, அலமாரி விளிம்பு என்று அறையில் அசையாமல் இருப்பதையெல்லாம் அடையாளம் வைத்துக்கொண்டு, கூடவே உள்ளிருக்கும் அசைவுச் சென்சாரையும் சேர்த்து, தலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். அசைவுச் சென்சாரை மட்டும் நம்பினால் நொடிக்கு நொடி பிழை ஏறி உங்களைப் பக்கத்து அறைக்கே கொண்டுபோய்விடும், அதனால் கேமரா இல்லாமல் முடியாது. 2017-இல் வந்த, மைக்ரோசாப்டின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி மென்பொருளில் ஓடுகிற ஹெட்செட்டுகளில் முன்னால் இரண்டே கேமரா. குவெஸ்ட்டில் நான்கு, ரிஃப்ட் எஸ்-இல் ஐந்து. கன்ட்ரோலரில் இருக்கும் எல்இடிகள் கேமரா கண்ணில் பட்டால்தான் கை எங்கே என்று ஹெட்செட்டுக்குத் தெரியும்.

இதில் எங்கே உதைக்கிறது என்று விற்கிறவர் யாரும் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன். ஏதாவது ஒரு வில் அம்பு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையை நீட்டி, வலது கையால் நாணைக் காது வரைக்கும் இழுத்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்க்கிறீர்கள். வலது கை இப்போது தாடைக்குப் பக்கத்தில், எந்தக் கேமராவுக்கும் சரியாகத் தெரியாத இடத்தில். முதல் ஓரிரு நொடி சமாளித்துவிடும். பொறுமையாக, நிதானமாகக் குறி பார்க்கிற ஆளாக இருந்தால்தான் கஷ்டம். கை மெல்ல நழுவி, அம்பு தரையில் போய்க் குத்தும். முதுகிலிருந்து வாளை உருவுவதும், இடுப்புக்குக் கீழே கையைத் தொங்கப்போட்டு நிற்பதும் இதே கதைதான். விளக்கை அணைத்துவிட்டால் ஆட்டமே முடிந்தது. குவெஸ்ட் புரோவின் கன்ட்ரோலர்களில் தனித் தனியாகக் கேமரா வைத்து, கை மறைகிற பிரச்சினையைச் சரி செய்தார்கள், ஆனால் 2022-இல் அது வந்தபோது ஹெட்செட் 1,499 டாலர். நிறை இருக்கும் இடத்தில் குறையும் இருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. எந்த முறை எந்த இடத்தில் தோற்கும் என்று நாலு வரி எழுதிப் போட்டால் வில் அம்பு பிடிக்கிறவர் ஒன்றை வாங்குவார், சுவரில் துளை போட முடியாத வாடகை வீட்டுக்காரர் இன்னொன்றை வாங்குவார். எல்லோரும் "துல்லியமான டிராக்கிங்" என்று மட்டும் எழுதிவைத்தால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கை எங்கே என்று பார்க்கிற அதே கேமரா வீட்டையும் பார்க்கிறது, இது எல்லோருக்கும் உறைக்கும். அசைவு மட்டும் போதும் என்பதுதான் பலருக்கு உறைக்காது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 511 பேரில் யார் என்று, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுத் தரவைக் கொண்டே 95 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். 2023-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள், இசைக்கேற்ப வாள் வீசுகிற பீட் சேபர் கேமை ஆடிய 55,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரை 100 நொடி அசைவை வைத்து 94 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுபிடித்தார்கள். முகம் வேண்டாம், குரல் வேண்டாம், பெயர் வேண்டாம். தலை ஒன்று, கை இரண்டு, அவை அசைகிற விதம், அவ்வளவுதான். கேமை மாற்றலாம், கணக்கை மாற்றலாம், கை வீசுகிற விதத்தை எப்படி மாற்றுவது?

இந்த அசைவுத் தரவு இல்லாமல் விஆர் ஓடாது என்பது தெரியும். கேட்பது வேறு. அது ஹெட்செட்டை விட்டு வெளியே போகிறதா, போனால் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், கேம் எழுதுகிறவருக்கு எவ்வளவு போகிறது, விளம்பரத்துக்குப் பயன்படுமா? இருபது பக்கத் தனியுரிமைக் கொள்கையில் ஒளித்துவைக்காமல் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆப்பிள் விஷன் புரோவில் கண்தான் மவுஸ், ஆனாலும் நாம் எங்கே பார்க்கிறோம் என்பதை ஆப்களுக்குக் கொடுப்பதில்லை என்ற முடிவை முதல் நாளே எடுத்தார்கள், வெளிப்படையாகச் சொன்னார்கள். 3,499 டாலர் வாங்கிக்கொண்டுதான் செய்தார்கள் என்பது வேறு விஷயம், அந்த விலையில் எத்தனை பேர் வாங்க முடியும் என்பது அதைவிட வேறு விஷயம்.

போட்டி பற்றி. ஒரு ஹெட்செட்டை விட்டு இன்னொன்றுக்குப் போக விடாமல் தடுப்பது ஹெட்செட்டின் விலை இல்லை, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய கேம்கள். உங்கள் கடையில் வாங்கியது உங்கள் ஹெட்செட்டில் மட்டும் ஓடும் என்றால், நாங்கள் வாங்குகிற ஒவ்வொரு கேமும் வேலிக்கு இன்னொரு கல். 2016 மே மாதத்தில் ஆக்குலஸ், வேறு ஹெட்செட்டில் தன் கேம்கள் ஓடாதபடி ஒரு சோதனையைப் போட்டது. பெரிய கூச்சல் எழுந்து அடுத்த மாதமே எடுத்துவிட்டது. எடுக்க முடிந்தது பாருங்கள். 2019-இல், ஒரே கேமைப் பல ஹெட்செட்டுகளுக்கு எழுத உதவுகிற ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற பொதுத் தரம் வந்தது, டெவலப்பர்களுக்குப் பெரிய உதவி, ஆனால் அது கடையின் பூட்டைத் திறப்பதில்லை. அதே 2019-இல் பீட் சேபரைச் செய்த ஸ்டூடியோவை ஃபேஸ்புக் வாங்கியது. 2025-இல் அதன் பிளேஸ்டேஷன் பதிப்புக்கு இனிப் புது அப்டேட் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கியவர் என்ன பாவம் செய்தார்? சோனியும் ஒன்றும் சளைத்ததில்லை. பிளேஸ்டேஷன் விஆர் 2-வைக் கணினியில் மாட்ட 2024-இல் 60 டாலருக்கு அடாப்டர் விட்டீர்கள், நல்ல காரியம், ஆனால் அந்த ஹெட்செட்டின் பெருமையே கண் டிராக்கிங்தான், அதைக் கணினியில் கொடுக்காமல் விட்டுவிட்டீர்கள்.

கடைசியாக ஆயுள். விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியை நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்ட் 2023 டிசம்பரில் அறிவித்து, அடுத்த வருடம் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் எடுத்தேவிட்டது. 2020-இல் ஏறக்குறைய 600 டாலர் கொடுத்து எச்பி ரிவெர்ப் ஜி2 வாங்கியவர், விண்டோஸை அப்டேட் செய்த அன்றைக்கு அதை அலமாரியில் வைக்க வேண்டியதுதான். லென்ஸ் நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, ஒரு மென்பொருள் இல்லை. 2025-இல் ஒரு டெவலப்பர் தனியாளாக டிரைவர் மென்பொருள் எழுதி அவற்றில் பலவற்றைத் திரும்ப ஓடவைத்தார். கம்பெனி செய்திருக்க வேண்டிய வேலை அது. இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு, அதுவும் மெட்டாவிடமிருந்தே: 2021-இல், ஆக்குலஸின் முன்னாள் தொழில்நுட்பத் தலைவர் ஜான் கார்மாக் விடாமல் கேட்டு, பழைய ஆக்குலஸ் கோவுக்குப் பூட்டில்லாத மென்பொருளை வெளியிட வைத்தார். உங்கள் சர்வர்கள் நாளைக்கு இல்லாமல் போனாலும் அந்தச் சாதனத்தில் வேண்டியதை ஏற்றிக்கொள்ளலாம். இதையே எல்லோரும் செய்யுங்கள். எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று விற்கும்போதே எழுத்தில் கொடுங்கள், அது முடிகிற அன்றைக்குப் பூட்டைத் திறந்துவிடுங்கள். பழைய ஹெட்செட்டை நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தால் புதியது விற்காது என்று பயமா? புதியதை நன்றாகச் செய்யுங்கள், வாங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் அடுத்த மாடலுக்காகக் காத்திருக்கும் ஒருவன்

பி.கு.: இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி எந்த அளவுக்குச் சரிவரும் என்பதையும் வாங்கும் முன்பே தெரிகிற மாதிரி போடுங்கள். ரிஃப்ட் எஸ்-இல் லென்ஸை நகர்த்தவே வழியில்லை, குவெஸ்ட் 2-வில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே படி. அளவு சேராதவர் தலைவலியோடு உட்கார்ந்து விஆரே இப்படித்தான் போல என்று நினைத்துக்கொள்கிறார். செருப்பையே அளவு போட்டுத்தான் விற்கிறார்கள்.