வாஷ்பேசினும் நானும்

அன்புள்ள மல்லிகா,

உன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வராததற்கு முதலில் திட்டித் தீர்த்துவிடு, பிறகு மேலே படி. அந்த வாரம் முழுக்க ஒரு வாஷ்பேசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே.

எங்கள் ரத்தப் புற்றுநோய் வார்டில் ஆறு வாரத்துக்குள் மூன்று பேருக்குக் காய்ச்சல். மூவர் ரத்தத்திலும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கே மசியவில்லை. வெள்ளையணு வற்றிப்போனவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறவேண்டும், ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. அப்படி ஏற்றிய மருந்து கிருமிக்குப் பச்சைத் தண்ணீர் என்றால்? மூன்றாமவன் 19 வயதுப் பையன். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று நாம் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே மூலையில் போட்ட கொலிஸ்டினைத் தூசி தட்டி எடுத்தோம். பிழைத்தான். சிறுநீரகம் பட்ட அடியைக் காட்டும் கிரியாட்டினின் அளவுதான் இன்னும் இறங்கவில்லை. முதலில் காய்ச்சல் கண்ட அம்மாள் போய்விட்டார்.

நர்ஸுகள் கை கழுவுகிறார்களா என்று நம் குண்டூசி சார் மாதிரி தூண் மறைவில் நின்று பார்த்தேன். குறை சொல்ல இடமில்லை, ஒழுங்காகக் கழுவினார்கள். கழுவிய இடத்தின் மீது சந்தேகம் வர எனக்கு மேலும் நான்கு நாள் பிடித்தது. வடிகுழாயின் வளைவுக்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் திருகி எடுத்தேன். சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டில் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று புடைத்த பொட்டுகள். எந்தெந்த மருந்துக்கு அடங்காது என்ற பட்டியலும் அந்தப் பையனுடையதோடு அச்சாக ஒத்துப்போனது.

வடிகாலில் கிடப்பது படுக்கைக்கு எப்படிப் போகும் என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். வடிகாலில் நீலச் சாயம் ஊற்றி, சுற்றிலும் வெள்ளைத் தாள் விரித்து, குழாயைத் திறந்து காட்டினேன். தண்ணீர் நேராகச் சல்லடைமேல் விழுகிறது. ஊசி மருந்து கலக்கும் தட்டு வைக்கும் மேடைவரை நீலப் பொட்டுகள்! குழாயை மாற்றச் சொல்லி நான்கு கடிதம் எழுதியும் அசையாதவர்கள் அன்று மாலையே பிளம்பரை அழைத்தார்கள்.

ஆனால் உன்னிடம் சொல்லவேண்டியது இதுவல்ல. மிச்சமான ட்ரிப், குடித்து மீந்த பால், ஊசிப் புட்டியின் அடியில் தங்கிய மருந்து எல்லாம் அந்தத் தொட்டியில்தான் கொட்டப்பட்டன. சோறும் போட்டு, மருந்துக்கும் பழக்கியிருக்கிறோம். இரவுப் பணியில் ஆறிப்போன காபியை அங்கே ஊற்றியவள் நான், மாதாமாதம் கை கழுவுவது பற்றி வகுப்பெடுக்கிற நான். அந்த அம்மாளின் கணவர் போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

சரி, உன் கணக்குக்கு வருகிறேன். அந்தக் கிருமி தொட்டிக்குள் வானத்திலிருந்து விழவில்லை, யாரோ ஒருவர் குடலில் சுமந்து வந்திருப்பார். ஊரில் மூக்கு ஒழுகினாலே செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதும் டாக்டரம்மா ஒருத்தியை எனக்குத் தெரியும். 2014 மார்ச்சிலிருந்து அதற்கு மருந்துக்கடையில் தனிப் பதிவேடு வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சீட்டெழுதுவதே நீ என்றால் பதிவேடு என்ன செய்யும்? 'எழுதாவிட்டால் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார்கள்' என்பாய். போகட்டுமே!

கோபித்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறேன். காபி டம்ளரை எங்கே கழுவுவது என்று மட்டும் வந்ததும் காட்டிவிடு.

உன்,
தேவகி