ரிப்போர்ட் கொடுத்த பிறகு என்ன சொல்கிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கான என்ஐபிடி ரத்தப் பரிசோதனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்தாவது வாரத்திலேயே தாயின் ரத்தத்தை வைத்து, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) இருக்க வாய்ப்புண்டா என்று பார்த்துவிடலாம் என்பதை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் பாசிட்டிவ் என்று வந்தாலும் அது முடிவல்ல, பனிக்குட நீரை எடுத்துச் சோதித்துத்தான் உறுதிசெய்ய வேண்டும் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதைவிட வருத்தம், அப்படி ஒரு குழந்தை பிறந்தால் எப்படி வளரும், எப்படி வாழும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

என் அக்கா மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்த அன்றே "இது எதற்கும் தேறாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று அவன் தனியாகக் கடைக்குப் போய் வருகிறான், அக்காவுக்கு முடியாத நாளில் அவன்தான் சாதம் வைக்கிறான். சில்லறைக் கணக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அமெரிக்காவில் 1983இல் இவர்களுடைய சராசரி ஆயுள் 25 வயதுதான், இப்போது ஏறத்தாழ 60. நாற்பது வருடத்தில் குரோமோசோம் மாறிவிடவில்லை. சுமார் பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருக்கும், அதற்கு முன்பெல்லாம் ஆபரேஷன் செய்யாமலே விட்டுவிடுவார்கள், விடுதிகளில் அடைத்துவைப்பார்கள். இந்த இரண்டும் மாறியதும் ஆயுள் கூடியது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தாங்கி வளர்ப்பதும் புதிதல்ல. ஸ்பெயினில் வலென்சியா பக்கம் கோவா நெக்ரா குகையில் கிடைத்த, நியாண்டர்தால் என்ற, எப்போதோ அழிந்துபோன ஆதி மனித இனத்துக் குழந்தை ஒன்றின் காதெலும்பைப் பற்றி 2024இல் ஓர் ஆய்வு வந்தது. உள்காதின் அமைப்பைப் பார்த்தால் டவுன் சிண்ட்ரோமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். காது சரியாகக் கேட்டிருக்காது, நிற்க நடக்கவே தடுமாறியிருக்கும், ஆனாலும் ஆறு வயது வரையாவது வாழ்ந்திருக்கிறது. வேட்டைக்கு இடம் மாறிக்கொண்டே இருந்த கூட்டத்தில் ஒரு தாய் தனியாக இதைச் செய்திருக்க முடியுமா? நாலு பேர் கைகொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது ஜெர்மனியில் நடந்தது. 1939 ஆகஸ்ட் 18 அன்று நாஜி அரசின் உள்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளிட்ட குறைகளோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் படிவம் பூர்த்திசெய்து அனுப்ப வேண்டும். மூன்று மருத்துவர்கள், குழந்தையைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அந்தத் தாளை மட்டும் பார்த்து உயிரோடு விடலாமா வேண்டாமா என்று குறித்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அப்படிச் செத்தார்கள்.

இன்றைய பரிசோதனையும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அங்கே அரசு கொன்றது, இங்கே கருவை வைத்துக்கொள்வதா கலைப்பதா என்று தாய் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கிறாள், அந்த உரிமை அவளுக்கு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் தாளை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையை எடைபோடும் பழக்கம் நம்மிடம் வரக்கூடாது என்றுதான் பயப்படுகிறேன். டென்மார்க்கில் 2004 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் டவுன் சிண்ட்ரோமுக்கான ஆரம்பச் சோதனை (என்ஐபிடி அல்ல, ஸ்கேனும் வேறு ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தது) உண்டு, செய்துகொள்வதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். 2019இல் நாடு முழுவதும் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர்கள் 18 பேர்தான். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படியிருந்தும் எண்ணிக்கை இந்த அளவுக்குக் குறைகிறது என்றால், ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது பெற்றோரிடம் என்ன பேசுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம்! நம் ஊரில் "சின்ன வயசுதானே, அடுத்தது பார்த்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தையோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். இதே பரிசோதனை பற்றி மறுபடி எழுதும்போது இன்னொரு பக்கமும் ஒதுக்குங்கள். இந்தப் பிள்ளைகளை வளர்த்த இரண்டு மூன்று பெற்றோரைப் பேசவையுங்கள், சிரமத்தையும் மறைக்காமல் சொல்லட்டும். இத்தகைய பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் அரசின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் எந்தெந்த மாவட்டத்தில் எங்கே இருக்கின்றன, பேச்சுப் பயிற்சி எந்த வயதில் தொடங்க வேண்டும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எங்கே போக வேண்டும் என்பதையும் முகவரியோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்