அட்டையில் உண்மையை எழுதுங்கள்: பை செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பை தயாரிப்பாளர்களே, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைத்தெருக்களில் அவற்றை விற்கும் வியாபாரிகளே,

வணக்கம்.

குமரி மாவட்டத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடவப்பாதியில் (ஜூன் வாக்கில்) ஒன்று, துலாமாதத்தில் (அக்டோபர், நவம்பர்) ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊர் இது. பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று அட்டை தொங்கவிட்டுக் கடை வாசல் வரை பைகளை அடுக்குகிறவர்கள் நீங்கள். மழை தெரியாதவர்கள் என்று உங்களை எப்படிச் சொல்வேன்? தெரிந்தும் அப்படி எழுதுகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஏராளம். காலையில் குழித்துறை ஸ்டேஷனில் நின்று பாருங்கள், பை இல்லாத தோளே இருக்காது. சோற்றுப் பாத்திரம், தண்ணீர் பாட்டில், குடை, துவர்த்து (துண்டு), கண்ணாடிக் கூடு, சார்ஜர், அம்மாவின் மருந்துச் சீட்டு, சில நாள் வீட்டின் முக்கியமான காகிதங்கள் எல்லாம் அதற்குள்தான். சட்டைப் பையும் வேட்டி மடிப்பும் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. ஆனால் 'ஆம்பிளைக்கு எதுக்கு நல்ல பை, ஏதோ ஒண்ணு போதும்' என்ற நினைப்பு மட்டும் போகவில்லை, வாங்குகிறவனிடமும் சரி, செய்கிறவர்களிடமும் சரி.

போன இடவப்பாதியில் நடந்ததைச் சொல்கிறேன். வங்கிக் கடனுக்காக நிலத்தின் மூலப் பிரமாணத்தைக் கேட்டிருந்தார்கள். தாத்தா காலத்துக் கையெழுத்துப் பத்திரம், முத்திரைத்தாளில் மை தொட்டு எழுதியது. நாகர்கோவிலில் வக்கீலிடம் காட்டிவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். வில்லுக்குறி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முதுகில் இருந்தது உங்கள் பைதான். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து, அட்டையில் இருந்த அந்த ஒற்றைச் சொல்லை நம்பி வாங்கியது.

வீட்டுக்கு வந்து திறந்தால் பையின் அடியில் தண்ணீர் நிற்கிறது. துணி வழியாக ஒரு சொட்டு இறங்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். உள்பக்கம் பூச்சு நன்றாகவே இருந்தது. நீர் வந்தது ஜிப்பின் பல்லிடுக்கு வழியாகவும், தோள்வாரைத் தைத்த ஊசித்துளைகள் வழியாகவும். அப்படி உள்ளே வந்த நீரை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது அதே பூச்சுதான். பத்திரம் நெட்டுக்கு நின்றதால் கீழ்ப்பக்கம் மூன்று விரல் உயரத்துக்கு ஊறிப்போயிருந்தது. கையெழுத்துகள் எல்லாம் இருப்பது அங்கேதான். அப்பா தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே தரையில் பரப்பினார். தாத்தா கையெழுத்திட்ட இடத்தில் நீல மை கலங்கிப் பரவியிருந்தது. துவர்த்து நுனியால் அதைச் சுற்றிச் சுற்றி ஒற்றினாரே தவிர, அந்த இடத்தைத் தொடவில்லை. பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், வாங்கியும் விட்டோம். வங்கி வேலை ஒருவழியாக நடக்கும். தாத்தாவின் கையெழுத்தை எந்த அலுவலகத்திலும் திரும்ப வாங்க முடியாது.

பையைக் கடைக்குக் கொண்டுபோனேன். "துணியில ஒரு குறையும் இல்லையே அண்ணே, ஜிப்பு வழியா வந்தா கம்பெனி என்ன செய்யும்?" என்றார்கள். ரசீதின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்ததையும் காட்டினார்கள். கம்பெனியின் சேவை எண்ணில் பேசியவர் இன்னும் மரியாதையாகச் சொன்னார்: சாதாரணத் தூறலைத் தாங்கும் சார், கனமழைக்குச் செய்ததில்லை. அப்படியென்றால் அதை அட்டையில் எழுதியிருக்கலாமே? முக்கியமான காகிதத்தை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கலாமே என்றும் ஒருவர் அறிவுரை சொன்னார். பிளாஸ்டிக் தூக்குப்பைகளுக்கு இந்த மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அது போகட்டும், கவருக்குள் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும் என்றால் இந்தப் பைக்கு எதற்கு இந்த விலை?

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அட்டையில் உண்மையை எழுதுங்கள்.

எதை எழுதுவது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். தொழில் உங்களுடையது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். துணி பாலியஸ்டரா நைலானா, எத்தனை டெனியர் என்று எழுதுங்கள். 600 டெனியர் என்றால் அந்த நூலில் 9,000 மீட்டர் நீளத்தின் எடை 600 கிராம். எண் கூடினால் நூல் தடிமன். அதே எண்ணில் நைலான், பாலியஸ்டரை விட உரசலைக் கூடுதலாகத் தாங்கும். இந்த இரண்டு விவரம் இருந்தாலே பைக்குப் பையை ஒப்பிட்டு வாங்கலாம். இப்போதோ துணியைக் கசக்கிப் பார்த்து, முறுக்கிப் பார்த்து, கடைசியில் நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

ஜிப்பின் அளவையும் எழுதுங்கள். 5 ஆம் எண் ஜிப் என்றால் மூடிய பல்லின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். முன்பக்கச் சின்ன அறைக்கு அது போதும். சோற்றுப் பாத்திரமும் லேப்டாப்பும் திணிக்கிற பெரிய வாய்க்கு 8 அல்லது 10 வேண்டும். பை கிழிந்து குப்பைக்குப் போவதை விட ஜிப் பிடிக்காமல் போவதே அதிகம் என்று வடசேரியில் பை தைத்துக் கொடுக்கிறவரைக் கேட்டால் சொல்வார். பாதிப் பைகளுக்கு ரன்னரை, அதாவது ஜிப்பை இழுத்து மூடும் பிடியை, மாற்றினால் போதும். ஆனால் உங்கள் ரன்னர் என்ன அளவு என்று அவருக்கும் தெரியாது, டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். குளச்சல், முட்டம், தூத்தூர் போன்ற கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். முலாம் பூசிய மலிவு உலோக ரன்னர் உப்புக்காற்றில் வெள்ளையாகப் பூத்து இறுகிக்கொள்ளும். கடற்கரை மாவட்டத்துக்கு அனுப்பும் பைக்கு உறுதியான பிளாஸ்டிக் பல்லும் துருப்பிடிக்காத ரன்னரும் வைப்பது அவ்வளவு பெரிய செலவா?

மழை விஷயத்துக்கு வருகிறேன். தையல் போட்ட இடமெல்லாம் துளைதான். உள்ளே பட்டை ஒட்டி அந்தத் துளைகளை அடைத்திருந்தால், வாயைச் சுருட்டி மூடும் அமைப்போ நீர் புகாத ஜிப்போ இருந்தால், மழை தாங்கும் என்று தாராளமாக எழுதுங்கள். இல்லையென்றால் 'துணி மட்டுமே தூறல் தாங்கும், ஜிப்பும் தையலும் தாங்காது' என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டும் நான் வாங்குவேன், கூடவே ஒரு மழை உறையும் வாங்குவேன். என் வீட்டுக் காகிதம் நனைந்திருக்காது.

உள் அளவை சென்டிமீட்டரில் சொல்லுங்கள். 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட அளவு. அதை மட்டும் போட்டால் பைக்குள் பாத்திரம் நிமிர்ந்து நிற்குமா, குழம்பு சாயுமா என்று எப்படித் தெரியும்? காலிப் பையின் எடையையும் சொல்லுங்கள். ஒன்றும் வைக்காமலே ஒரு கிலோவைத் தாண்டும் பைகளை, கூட்ட ரயிலில் நின்றுகொண்டே போகிறவனிடம் விற்கிறீர்கள்.

இன்னொன்று, தயாரித்த மாதம். பொதியிட்டு விற்கும் பொருளில் சட்டப்படி அச்சிட வேண்டியது அது. பல அட்டைகளில் அது மங்கியிருக்கும், அல்லது மேலே இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பல பைகளில் பூசும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு ஈரக்காற்றில் தானாகவே சிதையக்கூடியது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். தோல் மாதிரி இருக்கும் ஆபீஸ் பைகள் தோளில் கருப்புத் தூள் கொட்டுவது இதனால்தான். குடோனில் கிடந்தே பாதி ஆயுள் போன பையை, புதுப்பை என்று முழு விலைக்குக் கொடுப்பது என்ன நியாயம்?

பை மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. மழைக்கோட்டு வாங்கினால் தோள்பட்டையில் ஒழுகுகிறது, குடை வாங்கினால் முதல் காற்றிலேயே கம்பி மடங்குகிறது, செருப்பு வாங்கினால் வெள்ளத்தில் ஒரு தடவை நடந்ததும் அடிப்பாகம் வாய் பிளக்கிறது. மழைக்காலத்துக்கென்று விற்கும் பொருள்களே மழையைத் தாங்குவதில்லை. இதையெல்லாம் கேட்டால் 'இந்த விலைக்கு இவ்வளவுதான்' என்கிறார்கள். பணத்தை எண்ணி வாங்கும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. குறைந்த சம்பளக்காரன்தான் இந்த விலைக்கு வாங்குகிறான், அவன்தான் நனைந்துகொண்டும் போகிறான். ஏமாற்றம் பழகிப்போய், கேள்வி கேட்கவே மறந்துவிட்டோம். அதுதான் எனக்கு அதிகம் கோபமூட்டுகிறது.

மன்னிக்கவும், கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

வியாபாரிகளே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ரசீதில் இருக்கும் அந்த 'திரும்பப் பெறப்பட மாட்டாது' வரியை எடுத்துவிடுங்கள். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளைக்குள், திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. இல்லாத தன்மையை இருப்பதாக விளம்பரம் செய்வதையும் அதே சட்டம் தவறு என்கிறது. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது, நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே போவதற்கு முன்னால் உங்களிடம் பேச வேண்டும் என்றுதான் இந்த மடலே. கம்பெனிக்காரர்களை நாங்கள் பார்ப்பதில்லை, எங்களுக்குத் தெரிந்த முகம் நீங்கள்தான்.

கடையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கோப்பையும் வையுங்கள். வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லும் பைக்குள் பழைய செய்தித்தாளைப் போட்டு, ஜிப்பை மூடி, வாங்குகிறவர் கண் முன்னால் ஜிப்பின் மேல் நாலு கோப்பை ஊற்றுங்கள். தாள் நனையாத பையை அந்தப் பெயரில் விற்கலாம். நனைந்த பையின் அட்டையைக் கழற்றிக் கம்பெனிக்கே திருப்பி அனுப்புங்கள். நாங்கள் எழுதும் கடிதத்தை விட நீங்கள் திருப்பி அனுப்பும் அட்டைக்கு அவர்கள் பயப்படுவார்கள்.

தயாரிப்பாளர்களே, புதிய துணியோ புதிய இயந்திரமோ நான் கேட்கவில்லை. ஏற்கெனவே அச்சடிக்கும் அதே அட்டையில் ஆறேழு வரி கூடுதலாக, உண்மையாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். துலாமழைக்கு வரும் சரக்கிலேயே இதைத் தொடங்கினால் நல்லது. முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது தயவுசெய்து பதிலாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
விளவங்கோடு வட்டத்திலிருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் உங்கள் வாடிக்கையாளன்